காதுக்குள் நகரும் கருவியும் ஊருக்கு வெளியே நகர்த்தப்படும் குழந்தையும்

பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்தி, முதன்முதலாக அதை இயக்கும் காணொளியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குழந்தை சட்டென்று விழிக்கும், அம்மா பக்கம் திரும்பும், அம்மா அழுவார், மருத்துவர் சிரிப்பார். அந்தக் காட்சி உண்மையானது. அதைக் கேலி செய்ய நமக்கு எந்தக் காரணமும் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அது கிடைக்கிறது என்றால் அதற்குப் பின்னால் இந்த மண்ணின் சமூக நீதி அரசியல் இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகத் தொடரும் ஏற்பாட்டில், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. பல லட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு கருவி இன்று கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் கிடைத்திருக்கிறது. இது சாதாரண வெற்றி இல்லை.

ஆனால் அது முதல் நாள். நாம் பேச வேண்டியது, யாரும் படம் பிடிக்காத வேறொரு நாளைப் பற்றி. அறுவை முடிந்து மூன்று, நான்கு வருடம் ஆன பிறகு, பள்ளி மைதானத்தில் விழுந்தோ, குறுகிய வீட்டில் கட்டில் முனையில் இடித்துக்கொண்டோ, சில நேரம் எந்தக் காரணமும் தெரியாமலோ, உள்ளே வைத்த கருவி இடம் பெயர்ந்துவிடும் நாள். அந்த நாளில் அந்தக் குழந்தைக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நம் சமூகம் இன்னும் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை.

எது நகர்கிறது, ஏன் நகர்கிறது

காக்ளியர் கருவிக்கு இரண்டு பாகங்கள். வெளியே காதில் மாட்டும் ப்ராசசரும், அதோடு சேர்ந்த வட்டமான காயிலும் ஒரு பாகம். காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில், மண்டை எலும்பின் மேல் அறுவை செய்து வைக்கும் கருவி இன்னொரு பாகம். உள்ளே இருக்கும் கருவியில் ஒரு காந்தம் உண்டு. வெளியே இருக்கும் காயில் அந்தக் காந்தத்தோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். உள்கருவியிலிருந்து புறப்படும் மெல்லிய மின்முனைக் கம்பி, நத்தை ஓடு போலச் சுருண்ட உள்காதுக்குள் நுழைந்து, கேட்கும் நரம்பை நேரடியாகத் தூண்டும். சாதாரணக் காது மிஷின் ஒலியைப் பெரிதாக்கித் தரும். இது ஒலியை மின்துடிப்பாக மாற்றித் தருகிறது. வேறுபாடு இதுதான்.

இதில் இடம் பெயர்வது பெரும்பாலும் இரண்டு. ஒன்று காந்தம். தலையில் அடிபட்டால் அது தன் குழியிலிருந்து கழன்றுவிடலாம், சில நேரம் தலைகீழாகப் புரண்டும்விடலாம். அப்போது வெளிக்காயில் ஒட்டாது, நழுவி நழுவி விழும். காதுக்குப் பின்னால் வீக்கமும் வலியும் இருக்கும். அடிபடாமலே காந்தம் கழல இன்னொரு வழி எம்.ஆர்.ஐ. ஸ்கேன். அந்த இயந்திரமே ஒரு பெரிய காந்தம் என்பதால், பழைய வகைக் கருவி வைத்த குழந்தையை முன்னேற்பாடு இல்லாமல் அதற்குள் படுக்க வைத்தால் உள்ளிருக்கும் காந்தம் இழுபடும். புதிய கருவிகள் சிலவற்றில் காந்தம் தானே சுழன்றுகொள்ளும் ஏற்பாடு வந்திருக்கிறது. ஆனால் பத்து வருடத்துக்கு முன் கருவி பொருத்திய பிள்ளைகள் பலரின் தலையில் இருப்பது பழைய வகைதான்.

இன்னொன்று மின்முனைக் கம்பி. சுருளுக்குள் செருகப்பட்ட கம்பி மெல்ல மெல்ல வெளியே நழுவலாம். இது ஒரே நாளில் தெரியாது. கம்பி வெளியேறும்போது முதலில் பாதிக்கப்படுவது உள்காதின் வாசற்பக்கம். அங்கேதான் கீச்சான, மெல்லிய ஒலிகள் பதிகின்றன. எனவே 'ஸ்', 'ஷ்' போன்ற ஒலிகள் முதலில் போகும். பிள்ளைக்கு ஏதோ கேட்கும், ஆனால் சொல் தெளியாது. கம்பி இருக்கக் கூடாத இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் முக நரம்பு தூண்டப்பட்டுக் கண்ணோரமோ கன்னமோ துடிக்கும்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் காந்தம் புரண்டிருப்பதும் கம்பி வெளியேறியிருப்பதும் தெரிந்துவிடும். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். மேப்பிங் செய்யும்போது கணினியே ஒவ்வொரு மின்முனையின் தடையையும் அளந்து காட்டும். காந்தத்தைத் திரும்ப உட்கார வைப்பது சிறிய அறுவை. கம்பியைத் திரும்பச் செருகுவதோ புதுக்கருவி வைப்பதோ பெரிய அறுவை. ஆனால் காலத்தோடு செய்தால் பெரும்பாலும் பிள்ளைக்கு மறுபடி நன்றாகவே கேட்கிறது. ஆக, இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் தீர்ந்துவிடும் சிக்கல். கேள்வியெல்லாம், யார் பிள்ளைக்குச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான்.

"அடம் பிடிக்கிறது" என்கிற தீர்ப்பு

ஐந்து வயதுப் பிள்ளைக்கு, 'என் மின்முனை நழுவிவிட்டது' என்று சொல்லத் தெரியாது. பிள்ளை காயிலைப் பிடுங்கி எறியும், கூப்பிட்டால் திரும்பாது, பேசிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிடும். பள்ளியில் 'அடம் பிடிக்கிறது' என்பார்கள். வீட்டில் 'செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட' என்று மாமியார் தாயைத் திட்டுவார். பயிற்சி மையத்தில் 'வீட்டில் ஒழுங்காகப் பேச வைப்பதில்லையா?' என்று கேட்பார்கள். மூன்று இடத்திலும் குற்றவாளி தாய்தான். கருவியைச் சோதிப்பதற்கு முன்பே தாயைச் சோதித்து முடித்துவிடுகிறார்கள்.

படித்த, வசதியான பெற்றோர் இந்த இடத்தில் எதிர்த்துக் கேட்பார்கள். 'எக்ஸ்ரே எடுங்கள், தடை அளவைக் காட்டுங்கள்' என்பார்கள். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் தாய்க்கு அப்படிக் கேட்கலாம் என்றே யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளை அங்கி போட்டவரிடம் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு என்றுதான் இந்தச் சாதியச் சமூகம் அவருக்குத் தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்தியிருக்கிறது.

அதனால் இங்கேயே சொல்லிவிடுவோம். ஆறு ஒலிச் சோதனை என்று ஒன்று உண்டு. டேனியல் லிங் என்ற கேள்வியியல் அறிஞர் வகுத்தது. காசு செலவில்லை. தினமும் காலையில் கருவியை மாட்டியதும், பிள்ளைக்கு உங்கள் வாய் தெரியாதபடி பக்கவாட்டில் இருந்துகொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்ல வேண்டும், அல்லது கேட்டதற்கு அடையாளமாகக் கை தூக்க வேண்டும். நேற்று வரை சொன்ன ஒலியை இன்று சொல்லவில்லை என்றால் முதலில் பேட்டரியையும் வயரையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றாலோ, காதுக்குப் பின்னால் வீக்கம், சிவப்பு, முகத் துடிப்பு இருந்தாலோ, காயில் ஒட்டாமல் விழுந்தாலோ அடுத்த மேப்பிங் தேதி வரை காத்திருக்க வேண்டாம். உடனே போய், 'உள்கருவி இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்' என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

காதில் ஈயம் ஊற்றச் சொன்ன மரபு

குழந்தையின் கருவி பழுதானால் 'எல்லாம் அவ தலையெழுத்து' என்று சொல்லும் வாய்கள் நம் தெருவிலும் உண்டு. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. முற்பிறப்புப் பாவத்தின் மிச்சமாகத்தான் செவிடர்களும் ஊமைகளும் குருடர்களும் பிறக்கிறார்கள் என்று மனுதர்மத்தின் 11ஆம் அத்தியாயம் சொல்கிறது. பிறவியில் காது கேளாதவருக்குச் சொத்தில் பங்கில்லை என்று அதன் 9ஆம் அத்தியாயம் சொல்கிறது. இது ஏதோ ஏட்டில் கிடந்த வரி இல்லை. வெள்ளைக்காரன் நீதிமன்றத்தில் இந்து சட்டமாகவே அது செல்லுபடியானது. 1928இல் வாரிசுரிமைத் தகுதியின்மைகளை நீக்கும் சட்டம் வந்த பிறகுதான் காது கேளாமல் பிறந்த இந்துவுக்குச் சொத்தில் பங்கு உறுதியானது.

அதே மரபுதான், வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது. கௌதம தர்மசூத்திரத்தில் இருக்கிறது. கேட்கும் காதை அடைக்கச் சொன்ன நூலும், கேளாத காதைப் பாவம் என்ற நூலும் ஒரே வீட்டில் பிறந்தவை. கேட்பதும் கற்பதும் யாருக்கு உரியது என்பதில் அவற்றுக்குக் குழப்பமே இருந்ததில்லை.

அறிவியல் வேறு பதில் சொல்கிறது. பிறவிக் கேளாமையில் பெரும்பகுதி மரபணு சார்ந்தது. தாயும் தந்தையும் ஒரே குறைபாட்டு மரபணுவை வெளியே தெரியாமல் சுமந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் அது வெளிப்படும். சொந்தத்துக்குள்ளேயே, சாதிக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுமுறைத் திருமணங்கள். அகமண முறைதான் சாதியின் உயிர்நிலை என்று 1916இலேயே அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். இதைச் சொல்வது எந்தப் பெற்றோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. தலையெழுத்து என்று சொல்லப்படும் ஒன்றுக்கு மனிதர்கள் வகுத்த விதிகளிலும் வேர் இருக்கிறது என்று காட்டத்தான். கருவி இடம் பெயர்வதற்கு இயற்பியல் காரணம் இருப்பதுபோல, அது கவனிக்கப்படாமல் விடப்படுவதற்குச் சமூகக் காரணம் இருக்கிறது.

ஆர்.ஏ.புரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கு

அந்தச் சமூகக் காரணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தென்சென்னையைப் பாருங்கள். காது கேளாத குழந்தைக்கு வேண்டியதெல்லாம் இங்கே நடந்து போகும் தொலைவிலும் ஒரு பேருந்துத் தொலைவிலும் இருக்கின்றன. இந்தியாவில் காக்ளியர் அறுவைக்குப் பெயர்பெற்ற மையங்களில் ஒன்றான மெட்ராஸ் இ.என்.டி. ரிசர்ச் ஃபவுண்டேஷன் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது. சாந்தோமில் சி.எஸ்.ஐ. காதுகேளாதோர் பள்ளி. அடையாறு சாஸ்திரி நகரில் 1969இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா. தியாகராய நகர்ப் பக்கம் ஜி.என். செட்டி சாலையில் லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளி. மருத்துவமும் பயிற்சியும் பள்ளியும் சேர்ந்து இருக்கும் வட்டாரம் இது.

இந்த வட்டாரத்தின் வீடுகளைப் பெருக்கி, குப்பையை அள்ளி, மீன் விற்று, ஆட்டோ ஓட்டியவர்கள் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் அடையாற்றுக் கரையிலும்தான் வாழ்ந்தார்கள். இப்போது அவர்களில் பலர் இங்கே இல்லை. 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூட்டம் கூட்டமாகப் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். பெரும்பகுதி தலித் மக்கள், மற்றவர்களும் உழைக்கும் சாதியினர். 2022 மே மாதம் இதே ஆர்.ஏ.புரத்தில், கோவிந்தசாமி நகரின் வீடுகளை நீதிமன்ற உத்தரவின் பேரில் இடிக்க வந்தபோது, அங்கேயே வாழ்ந்த 60 வயதுக்காரர் ஒருவர் தீக்குளித்து உயிரை விட்டார். அதன் பிறகுதான் அருகிலேயே மாற்று வீடு என்ற பேச்சு எழுந்தது. ஊருக்குள் இருக்கும் உரிமைக்கு ஓர் உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்கும் காக்ளியர் கருவிக்கும் என்ன தொடர்பு? கருவி பொருத்திய பிள்ளைக்கு அறுவை ஒரு நாள் வேலை. அதன் பிறகு குறைந்தது ஓராண்டு, வாரத்துக்குப் பல முறை பேச்சுப் பயிற்சி. குறித்த இடைவெளியில் மேப்பிங். உள்கருவி நகர்கிறதா என்று தெரிய வருவதே இந்த இரண்டு இடத்தில்தான். ஆர்.ஏ.புரத்திலிருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் இழந்த அரைநாள் கூலியைப் பேருந்து திருப்பித் தராது. முதலில் வாரம் இரண்டு முறை போவது ஒரு முறையாகும், பிறகு மாதம் ஒரு முறையாகும், பிறகு நின்றுவிடும். நின்ற மாதத்தில்தான் கம்பி நழுவும். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. கருவியின் வகையும் வரிசை எண்ணும் எழுதிய அடையாள அட்டை ஒன்றைப் பெற்றோரிடம் தருவார்கள். வலிப்பென்றோ விபத்தென்றோ குழந்தையை வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா கூடாதா என்று சொல்லப்போவது அந்த அட்டைதான். புல்டோசர் வந்து நிற்கும்போது அரைமணி நேரத்தில் மூட்டை கட்டச் சொன்னால், அடுப்பையும் துணியையும் எடுப்பார்களா, அட்டையைத் தேடுவார்களா?

கருவியை நகராமல் வைத்திருப்பது அறுவை மருத்துவரின் கையில் மட்டும் இல்லை. குடும்பத்தை நகர்த்தாமல் வைத்திருப்பதும் அதில் சேர்த்தி.

"அரிதாகத்தான் நடக்கிறது"

இடப்பெயர்வு எல்லோருக்கும் வருவதில்லை, மிகச் சிலருக்கே வருகிறது என்று மருத்துவர்கள் சொல்வார்கள். உண்மை. இந்தச் சிக்கலைக் காட்டி யாரும் அறுவைக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கில் அறுவை நடக்கும் மாநிலத்தில், 'சிலருக்கே' என்பதும் ஒரு வகுப்பறை நிறையும் பிள்ளைகள்தான். எத்தனை பிள்ளைகளுக்குக் கருவி வைத்தோம் என்று விழா மேடையில் சொல்கிறோம். அதில் எத்தனை கருவிகள் இன்றும் வேலை செய்கின்றன, எத்தனை நகர்ந்தன, நகர்ந்ததை எத்தனை மாதம் கழித்துக் கண்டுபிடித்தோம் என்ற கணக்கும் அதே மேடையில் சொல்லப்பட வேண்டும்.

'இலவசமாகக் கொடுத்ததற்கு மேலும் கேட்கிறீர்களா?' என்ற கேள்வியும் வரும். இது தானம் கொடுத்தவனின் கேள்வி. தானத்தில், வாங்கியவன் குறை சொல்லக் கூடாது. வரிப்பணத்தில் நடக்கும் திட்டம் தானம் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, வருமான வரம்புக்குட்பட்டு, இருப்பிடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவ வசதி தரும் பொறுப்பை அரசின் மேல் வைக்கிறது. 'அருகிலேயே' என்ற அந்தச் சொல்லைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கருவி நிறுவனங்களின் உத்தரவாதத்தை நம்பி இருக்கவும் முடியாது. உத்தரவாதம் பொதுவாகத் தயாரிப்புக் குறைபாட்டுக்குத்தான். பிள்ளை விழுந்து அடிபட்டதற்கு அவர்கள் பொறுப்பேற்பது கடினம். கேரளத்தில் 2012இல் தொடங்கிய ஸ்ருதிதரங்கம் திட்டத்திலும் இதே சிக்கல் வந்தது. இலவசமாக அறுவை முடிந்த பிள்ளைகளின் கருவி பழுதானபோது பெற்றோர் தெருவுக்கு வந்து குரல் எழுப்பினார்கள். அதன் பிறகு திட்டம் மாநில சுகாதார முகமையின் கீழ் கொண்டுவரப்பட்டு, பராமரிப்பும் கருவி மேம்படுத்தலும் திட்டத்தின் பகுதி என்று பேசப்பட்டது. கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது.

மொழியற்ற மாதங்கள்

கருவி நகர்ந்ததைக் கண்டுபிடித்து, அனுமதி வாங்கி, மறு அறுவை செய்து, மறுபடி இயக்கும் வரை பிள்ளை என்ன மொழியில் வாழும்? 'சைகை கற்றுக் கொடுத்தால் பேச்சு வராது' என்று பல இடங்களில் பெற்றோரை மிரட்டி வைத்திருக்கிறார்கள். அதன் விளைவு, கருவி நின்ற நாளில் பிள்ளையின் உலகமே நின்றுபோகிறது. பசி, வலி, பயம் எதையும் சொல்ல வழியில்லை. காது கேளாதோர் சமூகத்துக்கென்று ஒரு முழுமையான மொழி இருக்கிறது. அதை இழிவாகப் பார்ப்பதும், சேரி வழக்கை இழிவாகப் பார்ப்பதும் ஒரே புத்திதான். கருவி வைத்த பிள்ளைக்கும் சைகை மொழி தெரிந்திருந்தால், கருவி நகர்ந்தாலும் பிள்ளை மொழியில்லாமல் தவிக்காது.

நாம் கேட்பது

முதலாவது, காப்பீட்டுத் திட்டத்தில் முதல் அறுவைக்கு வயது வரம்பு இருக்கலாம். இடம் பெயர்ந்த கருவியைச் சரிசெய்யும் மறு அறுவைக்கு வயது வரம்போ, வருமானச் சான்றிதழுக்கு மறுபடி அலைச்சலோ கூடாது. ஒரு முறை திட்டத்தில் வந்த பிள்ளை வாழ்நாள் முழுக்கத் திட்டத்தின் பிள்ளை என்று விதியில் எழுத வேண்டும். ப்ராசசர், வயர், பேட்டரியும் இதில் அடங்க வேண்டும்.

இரண்டாவது, பெரும்பாக்கம், கண்ணகி நகர் போன்ற குடியிருப்புகளில் பேச்சுப் பயிற்சியும் மேப்பிங்கும் நடக்கும் அரசு மையம் வேண்டும். வெளியேற்றப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் வர வேண்டும். அதைவிட முதலில், மக்களை வெளியேற்றுவதை நிறுத்த வேண்டும்.

மூன்றாவது, கருவி வைத்த ஒவ்வொரு பிள்ளையின் கருவி வகையும் எண்ணும் அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அட்டை தொலைந்தாலும் எந்த அரசு மருத்துவமனையிலும் அதைப் பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். எத்தனை கருவிகள் நகர்ந்தன என்ற கணக்கு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும்.

நான்காவது, அறுவைக்கு முன் தாயிடமும் தந்தையிடமும் எளிய தமிழில், என்னென்ன தவறு நேரலாம், அதை எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லி, எழுதியும் கொடுக்க வேண்டும். கையெழுத்து வாங்கும் காகிதத்தை மட்டும் நீட்டக் கூடாது. அங்கன்வாடிப் பணியாளருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் ஆறு ஒலிச் சோதனையைச் சொல்லித் தர வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு, ஏற்கெனவே பொருத்திய கருவிகளின் விலையோடு பார்த்தால் பெரிதில்லை. லட்சக்கணக்கில் போட்டு வைத்த கருவி ஒரு எக்ஸ்ரே எடுக்க ஆளில்லாமல் வீணாவதுதான் உண்மையான செலவு. கேட்கும் உரிமையைப் பெற்றுத் தந்த அரசியலுக்கு, அது பறிபோகாமல் காக்கும் கடமையும் உண்டு. நம் தெருவில் காதோரம் காயில் ஒட்டியிருக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், அந்தத் தாயிடம் போய்ப் பேசுங்கள் தோழர்களே. கடைசியாக எப்போது மேப்பிங் போனார் என்று கேளுங்கள். போகவில்லை என்றால், ஏன் போக முடியவில்லை என்று கேளுங்கள். போராட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.